வைக்கோலுக்கு என்ன குறை?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளிமலையில் சிறு மரப் பட்டறை வைத்திருக்கும் எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சிற்பம் எதில் சுற்றப்பட்டு வெளியூர் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பபுள் ஷீட், தெர்மாகோல்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், பை எல்லாம் அதில் இருந்தன. பபுள் ஷீட் இல்லை.

ஓரடிப் பிள்ளையார் என்றால் முதலில் உடைவது தும்பிக்கைதான். எங்கள் பட்டறையில் வைக்கோலைப் பிரியாகத் திரித்துத் தும்பிக்கைக்கும் தொந்திக்கும் நடுவே இறுக்கமாகத் திணிப்போம். அதன்மேல் பழைய செய்தித்தாள், பிறகு அட்டைப்பெட்டி, சணல் கயிறு. ஈரம் முழுவதும் ஆறாத மரத்தைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். வைக்கோலில் அந்தத் தொல்லை குறைவு. அதை மட்டும் வெயிலில் மொறமொறவென்று காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி கூடவே போகும்.

நகரத்துக் கடைக்காரர் ஒருவர், "வைக்கோல் வேண்டாம்மா, கடை குப்பையாகுது. மக்கும் கவர்ல போட்டுக் குடுங்க" என்றார். அத்தகைய கவர் பலவற்றுக்குத் தரச்சோதனை நடப்பதே ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தில், உரம் தயாரிக்கும் சூழலில். எங்கள் ஓடைக்கரையில் அந்தச் சூடு ஏது? இங்கே கவரை எரிக்கிறார்கள், மிஞ்சியதை மழை கோமுகி ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. வைக்கோலை மாடு தின்னும், எருக்குழி தின்னும்.

ஏற்றுமதிக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பூச்சி, களை விதைக்குப் பயந்து வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டியை உள்ளே விடுவதில்லை. அது நியாயமான பயம். அங்கே போகும் பெட்டிக்குக் காகிதத் துருவல் போதும். சென்னைக்கும் கோவைக்கும் போகும் பெட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு?

இன்னொரு தொல்லை பெட்டி. அட்டைப்பெட்டி செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கேட்கிறார்கள். மாதம் சில டஜன் பொம்மை அனுப்பும் பட்டறை என்ன செய்யும்? தமிழக அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார் கள்ளக்குறிச்சியில் பெட்டி கட்டுவதற்கு ஒரு பொதுக் கூடம் அமைத்து, மூன்று நான்கு அளவுகளில் பெட்டியை மொத்தமாக வாங்கி எங்களுக்குச் சில்லறையாகத் தரட்டும். தன் விற்பனை நிலையங்களுக்கு வரும் சரக்கை வைக்கோலிலும் காகிதத்திலும் கட்டியே அனுப்ப வேண்டும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதட்டும். அரசுக் கடையே வாங்கிக்கொண்டால் தனியார் கடைக்காரரிடம் நாங்கள் தைரியமாகப் பேசுவோம்.