கடனோடு போக வேண்டாம், கைத்தொழிலோடு போவோம்



எமது தோட்டங்களில் இளைஞர்கள் இப்போது அதிகம் பேசும் வார்த்தை "பி.ஆர்." கனடா பி.ஆர்., அவுஸ்திரேலியா பி.ஆர். என்று கைத்தொலைபேசியில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. டவுனில் ஒரு சின்ன காரியாலயம், சுவரில் ஒரு கொடி, மேசையில் ஒரு கம்பியூட்டர். "முற்பணத்தைக் கட்டுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். அந்த முற்பணத்துக்காகத் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. ஓய்வுபெற்ற தாயின் ஈ.பி.எப். பணம் கரைகிறது. இதைப் பற்றிச் சங்கம் வாய் திறக்காமல் இருப்பது சரியல்ல என்பதே எமது கருத்து.

"ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதா சங்கத்தின் வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாட்சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் போராடுவதே எமது முதல் வேலை. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று நாட்சம்பளம் உயர்ந்தது கேட்டுப் பெற்றதால்தான், யாரும் தானமாகத் தரவில்லை. ஆனாலும் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். போகிறவர் ஏமாந்து போவதா, தெரிந்து போவதா என்பதே எம்முன் உள்ள கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளிநாட்டில் வேலை செய்வது வேறு, நிரந்தர வதிவிட உரிமை வேறு. வளைகுடா நாடுகளில் ஒரு சாதாரண தொழிலாளி எத்தனை வருடம் உழைத்தாலும் வேலை முடிந்தால் வீசாவும் முடிந்தது. ஜப்பானின் குறித்த திறன் தொழிலாளர் வீசாவில் முதல் நிலையில் போகிறவர் மொத்தம் 5 வருடமே இருக்கலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் முடியாது. இவற்றை "பி.ஆர்." என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் அது பொய்.

கனடாவும் அவுஸ்திரேலியாவும் புள்ளி போட்டு ஆள் எடுக்கின்றன. வயது, கல்வி, மொழி, தொழில் அனுபவம் ஆகிய நான்குமே முக்கியம். கனடாவின் முறையில் 20 முதல் 29 வரையுள்ள வயதுக்கு முழுப் புள்ளி. 30க்குப் பிறகு வருடா வருடம் குறைந்து 45இல் பூச்சியமாகும். அவுஸ்திரேலியாவின் புள்ளி வீசாவுக்கு 45 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி வேண்டும். இந்தப் புள்ளிகளை எந்த முகவரும் விற்க முடியாது. அவரவர்தான் சேர்க்க வேண்டும்.

கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் எவ்வளவு நுட்பமான வேலை என்று எமக்குத் தெரியும். ஆனால் கனடாவின் கணக்கில் அது திறன் தொழிலாகச் சேராது. வெல்டிங், மின்சார வேலை, இயந்திரம் பழுதுபார்த்தல், தச்சு வேலை, தாதித் தொழில், பாலர் கல்வி, சமையல் போன்றவை சேரும். ஆகவே சாதாரண தரம் எழுதிய பிள்ளை அடுத்து என்ன பயிற்சி எடுக்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். பல வருடம் வேலை செய்தவர்களுக்கு, மீண்டும் முழுப் பயிற்சி எடுக்காமல், முன்னனுபவத்தை மதிப்பிட்டே அதை வழங்கும் வழியும் உண்டு. அது கையில் இருந்தவுடன் வீசா கிடைத்துவிடாது. அந்தந்த நாட்டின் மதிப்பீட்டையும் தாண்ட வேண்டும். ஆனால் அது கையில் இருப்பது தொடங்குவதற்கு உதவும்.

அடுத்தது ஆங்கிலம். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால் துணையின் மொழித் தேர்ச்சிக்கும் புள்ளி உண்டு. பிரதான விண்ணப்பதாரர் கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பல வீடுகளில் மனைவிதான் கூடப் படித்தவர். அவர் பெயரில் போட்டால் குடும்பத்தின் வாய்ப்பே கூடலாம்.

பணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து நேராக கனடாவுக்கு விண்ணப்பிக்கும் திறன் தொழிலாளி, அங்கே வேலை உறுதியாகாதவரானால், தனியாளாக இருந்தாலும் ஏறக்குறைய 15,000 கனேடிய டொலர் காட்ட வேண்டும். அதுவும் கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. எமது குடும்பங்களில் எத்தனை பேரால் முடியும்? ஆனால் கனடாவில் சட்டப்படி ஒரு வருடம் திறன் வேலை செய்துவிட்டு அந்த அனுபவப் பிரிவில் விண்ணப்பிப்பவருக்கு இந்த நிபந்தனை இல்லை. அதனால் ஒப்பந்தம் கைக்கு வந்தால் சம்பளத்தைப் பார்க்க முன்னர் வேலையின் பெயரைப் பாருங்கள். உண்மையில் செய்யும் வேலை திறன் தொழிலாக இருந்தால்தான் அந்த வருடம் கணக்கில் சேரும்.

இனி எமது சொந்தப் பிரச்சினைக்கு வருவோம். தேயிலை ஸ்டோரில் பத்து வருடம் மெஷின் பழுதுபார்த்தவர், செக்ரோலில் வெறும் "தொழிலாளி". லயத்துக்கு வயர் இழுத்தவரும் லொறி ஓட்டியவரும் அப்படித்தான். கையில் தொழில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. காகிதத்தின் கனம் எம்மைவிட யாருக்குத் தெரியும்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எமது முன்னோரை நாடற்றவராக்கியது. மீதமிருந்தவர்களுக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

ஆகவே எமது கோரிக்கை இது. தோட்டத்தில் தொழில்நுட்ப வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், என்ன வேலை, எந்தத் திகதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்ற விபரத்தோடு நிர்வாகம் சேவைக் கடிதம் தர வேண்டும். இது போகிறவருக்கு மட்டும் உதவும் கடிதம் அல்ல. இங்கேயே இருப்பவர் தன் தொழிலுக்குரிய சம்பளத்தைக் கேட்கவும் அதுவே ஆதாரம். என்.வி.கியூ. பயிற்சியைத் தமிழ் மொழியில், தோட்டத்துக்குப் பக்கத்தில் நடத்தவும் சங்கம் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு எழுத்து. இது எம்மிடம் படிக்கும் பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி காண்பது. அவசரம் வரும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்துக்குப் போய் இப்போதே திருத்துங்கள். ஈ.பி.எப். கணக்கு விபரங்களையும் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்ததற்கு அதுவும் சாட்சி.

முகவர் போலி அனுபவக் கடிதம் செய்து தருகிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். பிடிபட்டால் கனடா 5 வருடத்துக்குத் தடை போடும். தடை தொழிலாளிக்கு, கட்டிய பணம் முகவருக்கு. வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்கிறவரிடம் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். கனடா பி.ஆர். விண்ணப்பத்தை முகவர் இல்லாமல் நாமே இணையத்தில் போடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இது ஐந்தாறு வருட வேலை, ஒரு மாதத்தில் முடியாது. போக விரும்பாத பிள்ளைக்கும் இந்தத் தொழிலும் மொழியும் காகிதமும் வீண் போகாது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சேவைக் கடிதக் கோரிக்கையை முதல் விடயமாக எடுங்கள். ஸ்டோரிலும் வேலைத்தளத்திலும் உள்ளவர்களின் பெயரையும் அவர்கள் உண்மையில் செய்யும் வேலையையும் பட்டியலிட்டு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நிர்வாகத்தோடு நாம் பேசுவோம்.