ரேடியேட்டரில் அழுத்தமா? பிரிக்கும் முன் சோதியுங்கள்

உழவுப் பருவத்தில் டிராக்டர் ஒரு வாரம் நின்றால் நஷ்டம் பட்டறைச் செலவோடு போவதில்லை. நிலத்தின் ஈரம் காய்ந்துவிடும். விதைப்பும் தள்ளிப் போகும். டிராக்டரை நிறுத்திவிடும் கோளாறுகளில் விவசாயிகளைப் பெரிதும் குழப்புவது ரேடியேட்டர் கோளாறு. வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை. ஆனால் தண்ணீர் குறைகிறது. ஹோஸ் குழாய் விறைத்து நிற்கிறது. பட்டறைக்குப் போனால் முதலில் மூடியை மாற்றுகிறார்கள். பிறகு தெர்மோஸ்டாட், அதன்பின் வாட்டர் பம்ப், கடைசியில் ஹெட்டைக் கழற்றுகிறார்கள். சோதித்துப் பார்க்காமல் சாமான்களை மாற்றிக்கொண்டே போகும் இந்த வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

ரேடியேட்டரில் அழுத்தம் இருப்பதே கோளாறு ஆகாது. தண்ணீர் சூடேறினால் விரியும். மூடியிலுள்ள ஸ்பிரிங் அதை ஓரளவு அடக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி இருப்பது இதற்காகத்தான். என்ஜின் ஆறியதும் இந்த அழுத்தம் தானே அடங்கிவிடும். ஆறிய பின் ஹோஸ் சுருங்கி ஒட்டிப் போனால் மூடியின் வால்வைச் சந்தேகிக்கலாம்.

காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடேறும் முன்பே ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் விறைத்தால், அது சூட்டினால் வந்த அழுத்தம் அல்ல. இரவு முழுவதும் ஆறிய பின்னும் மூடியைத் திறக்கும்போது காற்று சீறினால் அதுவும் அப்படியே. டீசல் என்ஜினின் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், மூடி தாங்கும் அழுத்தத்தைப் போல் பல மடங்கு. ஹெட் கேஸ்கட்டில் மயிரிழை வழி கிடைத்தாலும் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் புகுந்துவிடும். ஹெட்டில் விரிசல் விட்டாலும் இதே கதிதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரில் வாய் மட்டம் தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. புதிதாகத் தண்ணீர் மாற்றியிருந்தால் உள்ளே தங்கிய காற்று சற்று நேரம் குமிழியிட்டு நின்றுவிடும். நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும். உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை உண்டு. புகை கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. அடங்கியிருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகிப் பாய்ந்து முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

சிலர் அழுத்தத்துக்குப் பயந்து மூடியைத் தளர்த்தி வைத்தும், தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிந்தும் ஓட்டுகிறார்கள். இதனால் நோய் தீராது, அடையாளம்தான் மறையும். தண்ணீர் வற்றி என்ஜின் கொதித்தால் ஹெட்டே வளைந்துவிடும். அப்போது கேஸ்கட் செலவோடு ஹெட் செலவும் சேரும்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், புதுக் கேஸ்கட் போடுவதோடு மெக்கானிக்கை விட்டுவிடக் கூடாது. ஹெட் மட்டமாக இருக்கிறதா, விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். போல்ட்டுகளை உரிய வரிசையில், டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கச் சொல்ல வேண்டும். வளைந்த ஹெட்டின் மேல் வைத்த புதுக் கேஸ்கட் நீடித்து உழைக்காது.

ரேடியேட்டரின் அழுத்தத்தைச் சோதிக்கும் கைப்பம்பும் நீலத் திரவமும் பெரிய இயந்திரங்கள் அல்ல. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒவ்வொன்று வைத்து, குறைந்த கட்டணத்தில் சோதித்துக் கொடுத்தால் சிறு விவசாயிக்குப் பேருதவியாகும். அதுவரை, "எதை வைத்து இந்தச் சாமான் கெட்டது என்கிறீர்கள்?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.