வாக்கு உண்டு, ஆசனம் அரிது

ஆசிரியருக்கு,

இந்தியாவில் உள்ளதுபோல் தனித்தொகுதிகள், அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடத்தக்க தொகுதிகள், இலங்கையில் இல்லை. குடித்தொகைக் கணக்கெடுப்பும் சாதியைப் பதிவதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதித்துவம் முழுவதும் கட்சிகளின் வேட்பாளர் தெரிவிலேயே தங்கியுள்ளது. சர்வசன வாக்குரிமை 1931இலேயே நடைமுறைக்கு வந்தபோதிலும், அம்மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் சென்றது நியமன உறுப்பினராகவே. அம்மக்களில் ஒருவர் மக்கள் வாக்கில் வென்று செல்ல, 1977இல் உடுப்பிட்டியில் த. இராசலிங்கம் தெரிவாகும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்றைய விகிதாசார முறையில் வாக்காளர் கட்சிக்குப் புள்ளடியிட்டு மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம் என்பதால், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரைப் பட்டியலில் சேர்த்து அவர் ஊரின் வாக்குகளைத் திரட்டுவது கட்சிக்கு எளிது. அவரை வெல்லவைப்பது வேறு காரியம். அச்சமூகத்தின் பிரச்சினைகளுக்கும் இதே நிலைதான்: புத்தூர் கலைமதிக் கிராமத்தவர் 2017இல் எதிர்த்துப் போராடிய, குடிமனைகளுக்கு அருகிலுள்ள மயானமும், தலைமுறைகளாகத் தொடரும் காணியின்மையும் தேர்தல் மேடைக்கு வருவது அரிது. வந்தால், தமிழர் ஒற்றுமை குலையும் என்பதே வழமையான பதில் (எவருடைய செலவில் அந்த ஒற்றுமை என்பது கேட்கப்படுவதில்லை). 2013க்குப் பின் நடைபெறாத வடக்கு மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படுமுன், மயானம், காணியின்மை ஆகிய இவ்விரு விடயங்களிலும் தத்தம் நிலைப்பாட்டைக் கட்சிகள் எழுத்தில் வெளியிட வேண்டும்.

வாசகர்,
கொழும்புத்துறை