சங்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் செயலவையினர் என்னைப் பார்க்க வந்தனர். தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கிய நிறுவனம் கோயிலுக்கு மாற்று நிலமும் கட்டடச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் தர இணங்கியிருந்தது. யார் பெயரில் எழுதுவது என்று அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார். நம்மவர்கள் சங்கப் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக் கோயில் சுவரில் மாட்டிவைத்திருந்த சான்றிதழ் அது.

அந்தப் பதிவு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ரத்தாகியிருந்தது!

பணம் யாரும் கையாடவில்லை. ஆண்டறிக்கை அனுப்பவில்லை, அவ்வளவுதான். விளக்கம் கேட்டு வந்த கடிதங்கள் இடிக்கப்பட்ட லயத்து முகவரிக்குப் போயின. பழைய செயலாளர் வேலை தேடி ஜொகூருக்குப் போய்விட்டார். நாங்கள் புதிய பதிவு வாங்குவதற்குள் நிறுவனம் பேச்சை மாற்றிக்கொண்டது. கடைசியில் நிலம் பாதிதான் கிடைத்தது. பணம் வரவே இல்லை.

1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலும் கணக்கறிக்கையும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. கூட்டமே நடக்கவில்லை என்றாலும் அந்த ஆண்டு முடிந்த 60 நாள்களுக்குள் அறிக்கை போயாக வேண்டும். போகவில்லை என்றால், விளக்கம் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்யப் பதிவதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ரத்தானால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பதிவு ரத்தான சங்கத்தின் சொத்து உறுப்பினர்களிடம் தங்காது, அரசின் திவால் துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்புக்குப் போய்விடும். மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று நீங்கள் சந்தா கட்டிச் சேர்த்த மண்டபமும் நாற்காலியும் வங்கிப் பணமும் அதில் அடங்கும்.

இப்போது இந்த அறிக்கை இணையம் வழியாகப் போகிறது. கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? நான் கேட்ட பல சங்கங்களில் கிடைத்த பதில்: "செயலாளர் மகன்கிட்ட இருக்கு சார்." மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் சங்கமும் கூடவே போய்விடுகிறது.

செயலவையினரைக் குறை சொல்வது எளிது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து, சம்பளமில்லாமல் கோயில் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு, வாரிய உறுப்பினர்களுக்குப் பயிற்சியளிக்க ஒரு கழகமும் உண்டு. கோயில் சங்கத்திற்கும் இளைஞர் மன்றத்திற்கும் அப்படி என்ன இருக்கிறது? 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு இணைய வகுப்புகள் பெருகிவிட்டன, நல்லதுதான். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை மலாயிலோ ஆங்கிலத்திலோ, வேலை நாளில், காலை பத்து மணிக்கு நடந்தவை. தலைவர் ஒருவர் மட்டும் பெயர் கொடுப்பார், கேமராவை அணைத்துவைப்பார், சான்றிதழைப் பெறுவார். அதுவும் சுவருக்குத்தான் போகும்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். பதிவிலாகா தமிழில், இரவு எட்டு மணிக்கு மேல், கைப்பேசியிலேயே பார்க்கக்கூடிய வகுப்பு நடத்தட்டும். அதுவரை நம் பெரிய இயக்கங்கள் நடத்தட்டும். விருந்துக்கும் மாலைக்கும் ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது. செயலவையில் எல்லோரும் உட்கார வேண்டும், குறிப்பாகக் கணக்காய்வாளர்கள். செயலவையில் இல்லாத இருவரைக் கணக்கு பார்க்கத் தேர்ந்தெடுப்பது நம் சங்கங்களில் வழக்கம். அது காரணமாகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் நடப்பது என்ன? கூட்டத்தன்று காலையில் பொருளாளர் நீட்டும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்.

உறுப்பினர்களே, நீங்களும் சும்மா இருக்காதீர்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: போன ஆண்டு அறிக்கை அனுப்பியதற்கான அத்தாட்சி எங்கே? "அதெல்லாம் போட்டாச்சு" என்று சொன்னால் விடாதீர்கள், தாளைக் காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் குறைந்தது மூன்று பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். கடித முகவரி இன்னும் பழைய லயமா என்றும் பாருங்கள்.

நான் சொன்ன கோயிலில் இப்போது செயலாளராக இருப்பவர் மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண். அவர் பொறுப்புக்கு வந்தபோது பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்களாம். ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை அனுப்பிய கையோடு அத்தாட்சியைப் படம் பிடித்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறார். எனக்கும் ஒன்று வருகிறது.