நிரல் மாறிய மக்கள்

குடிசன மதிப்பு என்பது நம் நாட்டுத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவந்த சொல். இப்பொழுது அதனைத் தொகைமதிப்பு என்கிறார்கள். குடியும் போயிற்று, சனமும் போயிற்று, தொகை வந்திருக்கின்றது. நல்ல வேளையாக மதிப்பு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. அச்சொல்லுக்கு அளவிடுதல் என்ற பொருளும் உண்டு, கண்ணியம் என்ற பொருளும் உண்டு என்பதை ஆசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பொருளில் நம்முள் ஒரு சாரார் எவ்வாறு மதிக்கப்பட்டார்கள் என்பதை, முதலாவது பொருளுக்காக எழுந்த அட்டவணைகளிலேயே படித்துவிடலாம். மலையகத் தமிழரைக் கருதியே இதனைச் சொல்லுகிறேன்.

1871 ஆம் ஆண்டில் இத்தீவின் மக்களை முதன்முதலாக முறைப்படி எண்ணியபோது கண்ட தொகை 24 இலட்சம். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணியபோது கண்டது 2 கோடியே 17 இலட்சம். இடையில் நிகழ்ந்த பெருக்கத்தின் கதை பலரும் அறிந்ததே. 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆக இறங்கிற்று. நுளம்பின் மேல் தெளித்த டி. டி. ரி. மருந்துக்கு அதில் எத்துணைப் பங்கு, வைத்தியசாலைகளுக்கும் மானிய விலை அரிசிக்கும் எத்துணைப் பங்கு என்று ஆராய்ச்சியாளர் வழக்காடி வந்திருக்கிறார்கள். இன்று ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு அரை என்ற அளவிலேயே பெருகுகிறோம். பிள்ளைகள் குறைகிறார்கள், முதியோர் கூடுகிறார்கள். இது தனியே எழுதவேண்டிய பொருள். நாடு முழுவதற்கும் பொதுவான பொருளுங்கூட.

பொதுவல்லாத ஒரு கணக்கு அதே அறிக்கைகளில் இருக்கின்றது. 2012 இல் இந்தியத் தமிழர் என்ற நிரலில் நின்றோர் நூற்றுக்கு 4.1. 2024 இல் அந்த நிரலில் நிற்போர் நூற்றுக்கு 2.8. இலங்கைத் தமிழர் என்ற நிரலோ 11.1 இலிருந்து 12.3 ஆக உயர்ந்திருக்கின்றது. ஒன்று 1.3 இறங்க, மற்றது 1.2 ஏறுகின்றது. கூட்டலும் கழித்தலும் அறிந்த ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கு இதன் உட்பொருள் விளங்கிவிடும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலைநாட்டில் மாத்திரம் மூன்றிலொரு பங்கினர் மடிந்துபோகவில்லை. கப்பலேறிக் கரை கடக்கவுமில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைப்பேறு திடீரெனப் பெருகிவிடவுமில்லை. ஆட்களிற் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நிரல்தான் மாறியிருக்கின்றது.

இது இன்று நேற்றுத் தொடங்கிய மாற்றமன்று. 1971 இல் இலங்கைத் தமிழர் 14 இலட்சத்து 24 ஆயிரம். 1981 இல் 18 இலட்சத்து 87 ஆயிரம். பத்தாண்டுகளில் நூற்றுக்கு முப்பத்திரண்டுக்கு மேல் உயர்வு. நாடு முழுவதும் அந்தப் பத்தாண்டில் நூற்றுக்குப் பதினேழு அளவே பெருகிற்று. எஞ்சியோர் எங்கிருந்து வந்தார்கள்? அதே பத்தாண்டில் இந்தியத் தமிழர் தொகை 11 இலட்சத்து 75 ஆயிரத்திலிருந்து 8 இலட்சத்து 19 ஆயிரமாக வீழ்ந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வீழ்ந்தவர்களிற் பலர் தலைமன்னாரிற் கப்பல் ஏறியவர்கள். ஏனையோரில் ஒரு பகுதியினர், கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தரிடம் வேறு விடை கூறியவர்கள்.

ஏன் கூறினார்கள்? அதை அறிய அந்த நிரல் பிறந்த கதையை அறிய வேண்டும்.

1901 ஆம் ஆண்டில் இந்நாட்டின் குடிசன மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அக்காலத்து அட்டவணையில் தமிழர் என்பது ஒரே நிரல். அதில் நூற்றுக்கு 26.7 பேர் நின்றார்கள். நல்லூரிற் பிறந்தவரும், தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தவரும் ஒரே பெயரில் எண்ணப்பட்டார்கள். 1911 இல் டென்ஹாம் என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர் அந்த நிரலை இரண்டாகப் பிளந்தார். இலங்கைத் தமிழர் 5 இலட்சத்து 28 ஆயிரம், இந்தியத் தமிழர் 5 இலட்சத்து 31 ஆயிரம். ஏறக்குறையச் சரிபாதி. டென்ஹாமை நான் குறை சொல்ல வரவில்லை. புள்ளிவிபரக்காரனுக்கு நுணுக்கமாகப் பிரிப்பதில் ஓர் இன்பம் உண்டு. அன்று அந்தப் பிரிவுக்கு ஓரளவு காரணமும் இருந்தது. பலர் வந்து போகிறவர்களாகவே இருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகளும் பிள்ளை பெற்றார்கள். நிரலின் தலைப்பு மாத்திரம் மாறவேயில்லை. மஸ்கெலியாவிற் பிறந்து, மஸ்கெலியாவிற் பிறந்தவளை மணந்து, மஸ்கெலியாவைத் தாண்டி அறியாத ஒருவன் இந்தியத் தமிழனாகவே எழுதப்பட்டான். அவன் மகனும் அவ்வாறே. தலைப்பு, பிறப்பிடத்தைக் குறிப்பதை விட்டு, பிறப்பையே குறிக்கத் தொடங்கிற்று.

சுதந்திரம் வந்த 1948 இல் அந்த நிரலைச் சட்டம் கையிலெடுத்தது. பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதோர் ஆக்கிற்று. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களுள் ஒருவர், தலவாக்கலைப் பிரதிநிதியாய் வந்த கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1952 தேர்தலில் ஒருவரும் செல்லவில்லை. தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லாரும் இதனை ஒரே முகமாக எதிர்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. வடபுலத்துத் தலைவர்களுள் ஒரு பகுதியினர் அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றார்கள். அதன் விளைவான பிளவிலேதான் 1949 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. மலையகம் எங்களுக்கு என்ன உறவு என்று கேட்ட குரல்கள் யாழ்ப்பாணத்தில் அன்று இருந்தன. அதை மறைத்துவிட்டு இன்று ஒற்றுமை பேசுவது எனக்கு உவப்பானதன்று.

இதிலும் கொடுமையான ஒரு கணக்கு உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. 1959 இல் தேர்தற் தொகுதிகளை மீள வகுத்தபோது, 75,000 ஆட்களுக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆட்கள் என்றால் எல்லா ஆட்களுந்தான். வாக்குரிமை இல்லாத தோட்டத் தொழிலாளரும் அதில் அடங்குவர். ஆகவே அவர்களுடைய தலைகளால் மலைநாட்டுக்குக் கூடுதலான ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். ஒருவனை எண்ணவே மறுப்பது ஓர் அநீதி. எண்ணிக்கொண்டு, அந்த எண்ணின் பயனைப் பிறருக்குக் கொடுப்பது வேறு வகை. மதிப்பு என்ற சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தமைக்கு இதனிலும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பின்னர் 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்றார்கள். பேசினார்கள், 1974 இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அரிசி மூட்டையையும் இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள். 1984 இல் போர்ச் சூழலால் இராமேஸ்வரக் கப்பல் நின்றது. அதற்குள், பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். இங்கே எஞ்சியோருக்கு 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்கள் பிரசாவுரிமையைத் திருப்பிக் கொடுத்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

கிளிநொச்சிக்கு அருகே எனக்குப் பழக்கமான ஒரு முதியவர் இருக்கிறார். மஸ்கெலியாத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1977 கலவரத்தில் மனைவி மக்களோடு உடுத்த உடையோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவருடைய தமையனார் ஒப்பந்தத்தின் கீழ்க் கடல் கடந்து நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே அவருக்குச் சிலோன்காரர் என்று பெயர். தம்பி இன்றும் பிறந்த தோட்டத்திலேயே இருக்கிறார். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த மூவர். மூத்தவர் இந்தியக் கணக்கிலே சேர்ந்தார், அங்கே இலங்கையர் என்ற பெயரோடு. இளையவர் இலங்கைக் கணக்கிலே நிற்கிறார், இங்கே இந்தியர் என்ற தலைப்பின் கீழ். நடுவிலுள்ளவர் 2024 இல் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன்.

“நம்மள இந்தியாக்காரன்னு எழுதினதாலதான் வாத்தியாரய்யா ஓட்டும் போச்சு, ஊரும் போச்சு. திரும்பவும் அதையே எழுதுங்கன்னு நானே சொல்லுவனா?” என்றார்.

இதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. இன்றும் இயலாது. ஆயினும் அவர் செய்ததே எல்லாரும் செய்யத்தக்க வழி என்று சிலர் எழுதியும் பேசியும் வருவதை நான் ஏற்கவில்லை. கண்டிச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர் என்று 1971 வரை இரண்டு நிரல்கள் இருந்தன, 1981 இல் அவை ஒன்றாயின, ஒருவரும் அழவில்லை, நாமும் அவ்வாறே ஒன்றாகிவிட்டால் என்ன என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையான வாதம். ஆனால் கண்டிச் சிங்களவன் என்ற காரணத்துக்காக எவனுடைய வாக்குரிமையும் பறிபோகவில்லை. அந்த இரு நிரல்களும் கலந்தபோது தீராத கடன் எதுவும் அவற்றோடு கலந்து மறையவில்லை. இங்கே கடன் நிலுவையில் இருக்கின்றது.

நம் புள்ளிவிபர அறிக்கைகளில் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தோட்டம் என்ற அந்த மூன்றாவது பகுதி இன்னும் இருப்பதற்குக் காரணம், லயங்கள் இன்னும் இருப்பதுதான். பத்தடிக் காம்பிராக்களில் நான்காம் தலைமுறை வாழ்கின்றது. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லாதோர் மிகப் பலர். பிள்ளைகளின் ஊட்டக் குறைவிலும், உயர்தர வகுப்பை எட்டாமல் நின்றுவிடுவோர் தொகையிலும் அந்தப் பகுதி நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பின்தங்கியே வந்திருக்கின்றது. மூன்று தலைமுறையாகக் கல்வி வாய்த்த யாழ்ப்பாணத்தையும், தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நுவரெலியாவையும் ஒரே நிரலிற் கூட்டி இரண்டாற் பிரித்தால் கிடைக்கும் சராசரி எவருடைய நிலையையும் காட்டாது. குறை தீர்ந்தமையால் மறையும் நிரலை நான் வரவேற்பேன். குறையை மறைப்பதற்கு உதவும் மறைவை எவ்வாறு வரவேற்பது? அத்தோடு, தொகை சிறுத்த மக்களின் கோரிக்கையும் சிறுத்ததாகவே அதிகாரிகளின் மேசையில் எடுத்துக்கொள்ளப்படும். 1953 இல் இந்தியத் தமிழர் நூற்றுக்கு 12. இலங்கைத் தமிழரிலும் கூடுதலானவர்கள். இன்று 2.8 என்று படிக்கும் இளம் உத்தியோகத்தர், இது ஏதோ அருகி வரும் சிறு கூட்டம் என்றே எண்ணிக்கொள்வார்.

ஆனால் நிரலைக் காப்பதற்காக, கூசும் பெயரைச் சூடிக்கொள் என்று ஒருவனைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. சிக்கல் இங்கேதான் இருக்கின்றது. இதை அவிழ்க்கும் வழியை இலக்கியம் எப்போதோ காட்டிவிட்டது. மலையக இலக்கியம் என்ற பெயர் அறுபதுகளிலேயே நம் சஞ்சிகைகளிலும் போட்டிக் கதைகளிலும் வழக்குக்கு வந்துவிட்டது. அது ஓர் அரசாங்கம் கொடுத்த பெயரன்று. தோட்டப் பாடசாலைகளில் கற்பித்த இளைஞர்களும், கணக்கப்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர்களும் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லாமல், எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும் பெயர். தெளிவத்தை ஜோசப் முதலானோரின் எழுத்தைப் படித்த எவரும் அந்த மக்களை வேறு பெயரால் அழைக்க நினைக்கமாட்டார்கள்.

இந்தப் பெயர் அரசாங்க அட்டவணையின் வாசலுக்கு வர அறுபதாண்டுகள் பிடித்தன. 2024 இன் கணக்கில் ஒருவாறு வந்தது. ஆனால் தனியே வரவில்லை. இந்தியத் தமிழர் என்று எழுதி, ஒரு சாய்கோடு இட்டு, அதன் பின்னர் மலையகத் தமிழர் என்று சேர்த்தார்கள். பழைய சங்கிலியைக் கழற்றாமலே புதுச் சட்டை அணிவித்தது போன்றது இது. மலையகத்தான் என்று சொல்லிக்கொள்ளப் பெருமைப்படும் இளைஞனும், அந்தச் சாய்கோட்டின் இடப்புறத்தைப் பார்த்தவுடன் தயங்கி அடுத்த நிரலுக்குப் போய்விடுகிறான் என்றே நான் கருதுகிறேன். கிளிநொச்சி முதியவரின் தம்பி மகள் ஓர் ஆசிரியை. “அப்பா அல்லவா, பெரியப்பா அல்லவா, எல்லாரும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறார்கள் சேர். நான் மலையகத் தமிழர் என்றுதான் சொன்னேன். அவர் எதை எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது” என்று என்னிடம் கூறினாள்.

அந்தச் சாய்கோட்டையும் அதன் இடப்புறத்து இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, மலையகத் தமிழர் என்று மாத்திரம் தலைப்பிட்டு அடுத்த முறை எண்ணட்டும். வன்னியிலும் கொழும்பிலும் வாழ்வோரிடமும் அந்த ஒரு பெயரைச் சொல்லியே கேட்கட்டும். 2.8 என்ற எண் அப்பொழுது எங்கே போய் நிற்கும் என்று பார்க்க நான் ஆவலாயிருக்கிறேன்.