கிணத்துக்கும் ஒரு கொப்பி வேணும்

அம்மம்மாவின்ர ஊர் நெடுந்தீவு. லீவுக்குப் போனால் எனக்கு முதல் வேலை அவவோட நல்ல தண்ணி அள்ளப் போறதுதான். "பங்குனி மட்டும் இந்தக் கிணறு. பிறகு சவர் ஏறிடும், மற்றக் கிணத்துக்குப் போகோணும்" எண்டு சொல்லுவா. வாளியில இருந்து ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாத்திட்டுத்தான் குடத்தில ஊத்துவா.

அப்போது அதைப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். அது ஒரு அளவீடு என்று பிறகுதான் விளங்கியது. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மம்மாவிட்ட மீற்றர் இருந்தது. கொப்பிதான் இருக்கேல்ல.

இப்போது 'சுற்றுச்சூழல் தரவு விஞ்ஞானி' என்று ஒரு தொழில் இருக்கிறது. மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய தரவுகளைக் கணினியில் போட்டு, எந்த நீரேந்துப் பரப்பில் எப்போது தட்டுப்பாடு வரும் என்று கணிக்கிற வேலை. அந்தப் பாடம் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான் தொடங்கும். எங்கட தீவுகளில் ஆறே இல்லை. மாரி மழை மண்ணுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, உப்பு நீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே எவ்வளவு இழக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கண்டபாட்டுக்கு மோட்டர் போட்டு இறைத்தால் நடப்பது இதுதான்.

செய்மதியால் பார்க்கலாமே என்று கேட்கலாம். 2002 இல் ஏவப்பட்ட கிரேஸ் செய்மதிகள் புவியீர்ப்பு மாற்றத்தை வைத்தே வட இந்தியாவில் நிலத்தடி நீர் குறைவதைக் காட்டின. பெரிய சாதனைதான். ஆனால் அவை பிரித்துப் பார்த்தது சில நூறு கிலோமீற்றர் அகலமான பரப்புகளை. நெடுந்தீவின் நீளம் சுமார் 8 கிலோமீற்றர். அந்தப் படத்தில் நாங்கள் ஒரு புள்ளிகூட இல்லை.

"குழாய்த் தண்ணி வருது, ஆர்.ஓ. தண்ணி இருக்கு, இனி ஏன் கிணறு?" என்றும் கேட்கினம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. வரட்டும், நல்லதுதான். ஆனால் குளிக்க, மாட்டுக்கு வைக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் குழாய் காணாது. மிசின் பழுதானால் திரும்பி ஓடுவதும் கிணத்தடிக்குத்தான்.

ஆகவே தீவகத்துக்கு முதலில் தேவை பெரிய மொடல் இல்லை. கிணறு கிணறாக எழுதின கணக்கு. ஆந்திராவின் வறண்ட மாவட்டங்களில், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் துணையோடு, 2000களில் விவசாயிகளே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து எழுதினார்கள். அந்தக் கணக்கை ஊர் கூடிப் பார்த்துத்தான் என்ன பயிர் வைப்பது என்று யோசித்தார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதி. தரவை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுரை போட்டுவிட்டு, கிணத்தடிக்கு ஒன்றும் திரும்பி வராவிட்டால் ஆருக்கு லாபம்?

கலைப்பீடம் எண்டால் 'என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்கிறவை கனபேர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கலைப்பீடத்துக்குள்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், அதே கிணறு, அதே நேரம்: கயிறு விட்டு நீர்மட்டம், கையடக்க மீற்றரால் உப்புத்தன்மை. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் லீவுக்கு வீட்டை போகும்போதே தொடங்கலாம். பைதன் பிறகு படிக்கலாம்.

அம்மம்மா இப்ப எங்களோட யாழ்ப்பாணத்தில. அந்தக் கிணறு இப்ப எந்த மாதம் சவர் ஏறுது எண்டு போன கிழமை கேட்டேன். "ஆருக்குத் தெரியும் பிள்ளை" என்றா.