கசகசாப் பாத்தியும் கடற்கரை மணலும்

வீட்டுத் தோட்டத்தில் புதிய மலர்ச்செடிகளை வளர்க்கும் ஆர்வம் நம் அங்கத்தினரிடையே பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், எவ்விதையை எம்மண்ணில் இடுவது என்னும் தெளிவு ஆர்வத்திற்கு முன் நிற்க வேண்டும். கசகசாச் செடியின் பூ அழகியது. விதையோ ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. "குருமாவுக்கு அரைக்கும் கசகசாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினால் என்ன?" என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தைக் கைவிடுதலே நலம் என்பது நமது உறுதியான கருத்து.

காரணம் வெளிப்படையானது. கசகசாவைத் தரும் செடியே அபினியையும் தருவது. விதையில் மயக்கப் பொருள் இல்லையென்றே சொல்லலாம். பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதையை விலக்கிவிட்டுச் செடியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, கசகசாவைக் கடையில் வாங்கலாம், சமைக்கலாம், விதைக்கலாகாது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் மத்திய அரசு குறித்த பகுதிகளில், உரிமம் பெற்ற உழவர் மட்டுமே பயிரிடலாம். தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை. அழகுக்காக வளர்த்தேன் என்பது வழக்கிலிருந்து காக்கும் கேடயமாகாது.

இதில் நம் மாவட்டத்தார் மறக்கலாகாத மற்றொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். ஐக்கிய அரபு எமிரேட்டிலும் சவூதி அரேபியாவிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். தாய் அன்புடன் கட்டி அனுப்பும் மசாலாப் பொட்டலமே மகனைச் சிறையில் தள்ளக்கூடும். தோட்டத்தில் மட்டுமன்று, பயணப் பெட்டியிலும் கசகசா வேண்டாம்.

அப்படியாயின் பாப்பி மலரே கூடாதா? கூடும். வயலில் செந்நிறமாய்ப் பூக்கும் பப்பாவர் ரோயியாஸ் என்பது வேறு இனம். அது அபினிச் செடியன்று. ஆயினும் விதைப் பொட்டலத்தில் "பாப்பி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். பப்பாவர் சோம்னிஃபெரம் என்றிருந்தால் தொடவே வேண்டாம். அதுவே அபினிச் செடி. தாவரப் பெயர் இல்லாத விதையை நம் சங்கத்தின் வழியாக எவருக்கும் விற்கலாகாது.

விதைக்கும் முறை எளிது. விதை பொடி போன்றது. ஆதலால் மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும். மண்ணால் மூடலாகாது, முளைக்க ஒளி வேண்டும். ஆணிவேர் பெயர்த்து நடுவதைப் பொறாது. முளைத்த இடத்திலேயே நெருக்கம் கலைத்து வளர்க்க வேண்டும். தடை முறையில் இல்லை, தட்பவெப்பத்தில்தான் இருக்கிறது. அவ்விதை 15 முதல் 20 பாகைக் குளிரை விரும்புவது. மண்டபத்தில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. உப்புக் காற்றோ ஓய்வதில்லை. மழை தணிந்தபின் ஒரு தொட்டியில் முயன்று பார்க்கலாம். பாத்தி பாத்தியாக விதைத்து ஏமாற வேண்டா.

அதே பொறுமையை நம் மணலுக்கே உரிய செடியிடம் காட்டலாகாதா என்பதே நமது வினா. இம்பூறல் எனப்படும் சாயவேர் சிறுசெடி. கடற்கரை மணலில் இயல்பாக வளர்வது. அதன் விதையும் பொடி போன்றதே. வேர்ப்பட்டை படிகாரத்தோடு சேர்ந்து பருத்தி நூலுக்குச் சிவப்பேற்றும். சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற செந்துணிகள் இவ்வேரால் சிவந்தவை. ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் இதைத் தோண்டுதல் அரசுக்கு வருவாய் தந்தது. சாயவேரின் நிறப்பொருளான அலிசரினை 1868இல் ஜெர்மானிய அறிஞர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அதன்பின் வேர்ச்சாயம் சந்தையை இழந்தது.

இரசாயனச் சாயம் மலிவன்றோ என்று நெசவாளர் கேட்பர்; மெய்தான். வேர் தோண்டுவது மெத்த உழைப்பு. ஒரு சேலைக்கு வேண்டிய வேரைச் சேர்ப்பதே சிரமம். எல்லாத் தறிக்கும் வேர்ச்சாயம் என்று நாம் சொல்லவில்லை. இயற்கைச் சாயத் துணியை மிகுவிலை தந்து வாங்குவோர் இன்று உளர். அச்சிறு சந்தைக்கு நூலும் வேரும் நம் மாவட்டத்திலேயே இருக்கையில் முயலாதிருப்பது ஏன்?

இங்கிலாந்தில் ஷெர்லி என்னும் ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880ஆம் ஆண்டளவில் சிவப்புப் பாப்பிகளிடையே வெள்ளை விளிம்புடைய ஒரு பூவைக் கண்டார். அதன் விதையை மட்டும் சேர்த்து, ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து விதைத்தே ஷெர்லி பாப்பி என்னும் புதுவகையை உண்டாக்கினார். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது இத்தேர்வு முறையே. சாயவேரிலும் நிறம் செறிந்த செடியின் விதையைப் பிரித்து வைப்பார் வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை. விருப்பமுள்ள பயிரிடுவோர் ஆளுக்கு ஒரு சென்டு நிலத்தில் சாயவேர் விதைக்கட்டும். பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர் சிலர் விளைந்த வேரைக் கொண்டு ஒரு சிட்டம் நூலையேனும் தோய்த்துப் பார்க்கட்டும். ஆன செலவையும், நிறம் வெயிலிலும் சலவையிலும் நின்றதா என்பதையும் பொதுக்குழுவின் முன் வைப்போம். பயன் இல்லையெனில் விட்டுவிடலாம். உண்டெனில், உழுவோரும் நெய்வோரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பொருள் விளங்கும்.